குடையின் மூக்கில் ஒரு பொட்டு

1984 ஜனவரி 25, புதன்கிழமை. காலை 4.40க்கு எழும்பினேன். சுவர் மணிக்கூட்டுக்குப் பன்னிரண்டு முறை சாவி கொடுத்தேன். எந்த நாளும் என் முதல் வேலை அதுதான். கிணற்றில் இரண்டு வாளி அள்ளி முகம் கைகால் கழுவி, திருநீறு பூசி, 5.10க்குத் தேநீர் குடித்தேன். 5.20க்கு விறாந்தையில் தொங்கிய தெர்மோமீற்றரைப் பார்த்தேன். 70 பாகை பரனைற். “மூட்டம். வடகீழ்க் காற்று. தூறல். கரண்ட் நேற்று மாலை 6.50இலிருந்து இல்லை” என்று நாட்குறிப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், இரண்டு முறை கோடிட்டு: “இன்று குஞ்சு வருகிறது!”

என் நாட்குறிப்புகளில் ஆச்சரியக்குறி அபூர்வம். அந்த வருடம் முழுவதிலும் நான்குதான் இருக்கின்றன. அவற்றில் மூன்று அந்த ஒரே நாளில் விழுந்தவை.

முந்தைய ஆடிக் கலவரத்தோடு கொழும்பை விட்டு வெளிக்கிட்டு, இணுவிலில் என் மனைவியின் சீதன வீட்டுக்கு வந்திருந்தோம். கொழும்பில் நான் ஓர் ஆய்வுகூடத்தின் களஞ்சியத்தைப் பார்த்தவன், அவள் தட்டெழுத்தாளர். ஊருக்கு வந்த பிறகு எனக்கு ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் களஞ்சிய வேலை கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் விண்ணப்பம் எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பேனையை மூடி வைத்தாள்.

“இஞ்சாருங்கோ, மற்றவைக்குத் தட்டினது போதும், காணும். எனக்கெண்டு ஒரு தொழில் வேணும். இந்த வளவுக்குள்ளையே, என்ரை கையாலையே செய்யிற தொழில்.”

அப்படித்தான் முட்டைக்கோழி வளர்ப்பது என்று முடிவாகியது. வளவின் பின்பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த புகையிலைக் கொட்டிலைத் துப்புரவாக்கினோம். தென்னோலைக் கிடுகுக் கூரை, அரைச் சுவர், மேலே வலை. தரையில் நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பினோம். தெற்கில் ஒரு குஞ்சு பொரிப்பகத்துக்கு எழுதி இருநூறு ஒரு நாள் குஞ்சுகளுக்கு ஓடர் கொடுத்தோம். மனைவி கொழும்பில் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. ஆனால் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எழுத்தெண்ணிப் படித்திருந்தாள். அதில் அவள் சிவப்புப் பென்சிலால் கோடிட்ட வரி ஒன்று: குஞ்சு இரண்டு நாள் பசியைத் தாங்கும், இரண்டு மணித்தியாலம் குளிரைத் தாங்காது.

அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக வந்ததுதான் குடை.

மனைவியின் தம்பி, என் மைத்துனன், வளைகுடா நாடொன்றில் கோழிப் பண்ணையில் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்தான். வரும்போது எல்லோரும் றேடியோ கொண்டு வருவார்கள். அவன் ஒரு காஸ் சூடாக்கியைக் கொண்டு வந்தான். அலுமினியத்தில் செய்த பெரிய குடை போல இருக்கும். சங்கிலியில் தொங்கவிட்டால் அதன் உள்ளே நடுவில் சுடர் எரியும். சூடு குடையில் பட்டுக் கீழே விரியும். அதனோடு வந்த கடதாசியில் ஒரு பக்கம் அரபு, மறு பக்கம் எங்கள் ஒருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு மொழி. படங்கள் மட்டும்தான் விளங்கின.

ஞாயிற்றுக்கிழமை, 22ஆம் திகதி, பின்னேரம் அவன் எனக்கு அதை விளங்கப்படுத்தினான். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் நான் கீறிய படங்களும் அம்புக்குறிகளும் இன்னும் இருக்கின்றன.

“அத்தான், இந்தப் பொத்தானை அமத்தினால் காஸ் வரும். நெருப்புக் குச்சியைக் காட்டினால் முதல் இந்தக் குட்டிச் சுடர் பத்தும். அதாலை பெரிய சுடர் பத்தும். இந்தக் குட்டி இன்னும் என்ன செய்யுது எண்டு பாருங்கோ. இந்த மூக்கைச் சுடுது.”

அவன் மூக்கு என்று காட்டியது, குடையின் உள்ளே நடுவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு சிறிய உலோகக் கோல். சுண்டுவிரலிலும் மெல்லியது. அதன் நுனி குட்டிச் சுடருக்குள் நீட்டியபடி இருந்தது.

“மூக்கைச் சுட்டால்?”

“உதுக்குள்ளை ரெண்டு விதமான உலோகம் கிடக்கு. ரெண்டும் சேர்ற நுனியிலை சூடு பட்டால் துளிக் கரண்ட் பிறக்கும். ஒரு நுளம்புகூடச் சாகாது, அவ்வளவு கொஞ்சம். ஆனால் பொத்தானுக்குப் பின்னாலை ஒரு சின்னக் காந்தம் இருக்கு. அதுக்கு அவ்வளவும் காணும். நீங்கள் அமத்தின வால்வை, நீங்கள் கையை விட்டாலும், அது பிடிச்சுக்கொண்டு நிக்கும்.”

“சுடர் நூந்து அணைஞ்சு போனால்?”

“மூக்கு ஆறும். கரண்ட் நிண்டுபோம். காந்தம் கையை விடும். டக்! காஸ் பூட்டிப்போடும். ஆரும் ஓடிவரத் தேவையில்லை.”

ஆய்வுகூடத்தில் பன்சன் அடுப்புகளை எத்தனையோ வருடம் கண்டவன் நான். சுடர் தானே தனக்குக் காவல் நிற்கிற ஒன்றை அன்றுதான் கண்டேன். தன் சூட்டால்தான் தன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தான் இல்லையென்றால் கதவும் இல்லை.

இன்னொரு பகுதியும் இருந்தது. மெல்லிய செப்பு வால் ஒன்று குடையிலிருந்து கீழே தொங்கியது. அதன் நுனியில் ஒரு குமிழ்.

“இதுக்குள்ளை எண்ணெய் மாதிரி ஒண்டு. சூடேறினால் அது விரிஞ்சு உள்ளை இருக்கிற வால்வைத் தள்ளும். பெரிய சுடர் தணியும். குளிர்ந்தால் சுருங்கும், சுடர் திரும்ப எழும்பும். இந்தத் திருகியிலை எவ்வளவு சூடு வேணுமெண்டு வைச்சுப்போட்டுப் போய்ப் படுக்கலாம்.”

4.05க்கு முதன்முறை கொளுத்தினோம். பொத்தானை அமத்திப் பிடித்து, நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். 28ஆவது விநாடியில் அவன் கையை விட்டும் நூராமல் சுடர் நின்றது. உமியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தெர்மோமீற்றரை வைத்தேன். 4.50க்கு 95 பாகை. ஒரு நாள் குஞ்சுக்கு வேண்டிய அதே சூடு. மனைவி தெர்மோமீற்றரை வாங்கித் தானும் பார்த்தாள். பிறகு கொட்டில் வாசலைக் கூட்டத் தொடங்கினாள். சந்தோஷம் மிஞ்சினால் அவள் கூட்டுவாள்.

திங்கட்கிழமை நல்ல நாள். எங்கள் பக்கத்தில் புது மிசின் எது வந்தாலும், நீரிறைக்கிற மிசினோ தையல் மிசினோ சைக்கிளோ, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டாமல் வேலைக்கு விடமாட்டோம். மனைவியின் தாய், என் மாமி, சந்தனம் அரைத்தார். குடையை விறாந்தையில் பாயில் மல்லாத்தி வைத்தோம். தேங்காய் உடைத்தோம். மைத்துனன் அன்று வீட்டில் இல்லை. உடுப்பிட்டிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை மழைக்குள் நான் குடையைக் கொண்டுபோய்க் கொட்டிலில் தொங்கவிட்டேன். சங்கிலியின் நீளத்தை அளந்து கட்டினேன். காஸை வீணாக்கக் கூடாது என்று அன்று கொளுத்திப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எரிந்தது புதன்கிழமை எரியாதா?

இனிப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

6.15க்கு மைத்துனனும் நானும் ஒரு வாடகைக் காரில் சுன்னாகம் ஸ்ரேசனுக்குப் போனோம். கொழும்பிலிருந்து இரவு மெயில் 7.25க்கு வந்தது. சாமான் பெட்டியின் கதவு திறக்க முன்னமே சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கான சிறு தொண்டைகள். பக்கத்தில் வெங்காய மூட்டையோடு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். துளையிட்ட இரண்டு மட்டைப் பெட்டிகள். என் மடியில் ஒன்று, அவன் மடியில் ஒன்று. காற்றுப் படக்கூடாது என்று காரின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றச் சொன்னோம்.

“ஐயா, எனக்கும் மூச்சு விட வேணும் கண்டியளே,” என்றார் சாரதி.

“குஞ்சு இறங்கின பிறகு விடுங்கோ அண்ணை,” என்றான் மைத்துனன்.

இரண்டாவது ஆச்சரியக்குறி இங்கே: “8.05. வீடு. 204! நூற்றுக்கு இரண்டு கூட.” ஒன்று மட்டும் பெட்டிக்குள்ளேயே செத்திருந்தது. மிச்சம் 203. மனைவி பெட்டியைத் திறந்து ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“குளிருது. கெதியாக் கொளுத்துங்கோ.”

மைத்துனன் பொத்தானை அமத்தினான். நான் குச்சியைக் காட்டினேன். பற்றியது. நான் முப்பது வரை எண்ணினேன். அவன் கையை விட்டான்.

டக்.

நூர்ந்துவிட்டது.

“நாற்பது எண்ணிப் பாருங்கோ,” என்றான். நாற்பது எண்ணினேன். டக். அறுபது. டக். இரண்டு நிமிடம். அவன் பெருவிரல் வெளுத்துப் போனது. கையை விட்ட ஐந்தாவது விநாடியில் டக்.

அந்தச் சின்னச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மூன்று நாளுக்கு முன் மைத்துனன் சொல்ல நான் வியந்த அதே சத்தம்.

“சிலிண்டர் முடிஞ்சுதோ?” என்றாள் மனைவி.

தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. கையை விடும்வரை சுடரும் எரிகிறதே. காற்றடிக்கிறதோ என்று வலையின் வடக்குப் பக்கத்துக்குச் சாக்குக் கட்டினோம். மீண்டும் டக். றெகுலேற்றரைக் கழற்றிப் பூட்டினோம். டக். 8.50க்கு உமிக்கு மேல் தெர்மோமீற்றர் 74 காட்டியது.

குஞ்சுகளைக் குடைக்கு அடியில் வட்டமாக நிறுத்திய தகர வேலிக்குள் விட்டிருந்தோம். அவை தகர ஓரமாகக் குவியத் தொடங்கின. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிவதுதான் ஆபத்து. கீழே அகப்பட்டது நசிந்து போகும். சத்தமும் மாறியிருந்தது. ஸ்ரேசனில் கேட்டது கலகலப்பு. இது கூர்மையான அழுகை. மனைவி மண்டியிட்டு இரண்டு கையாலும் குவியலைப் பிரித்துப் பிரித்து விட்டாள். பிரித்த கையை எடுக்க முன்னம் திரும்பக் குவிந்தன. வீட்டிலிருந்த மூன்று அரிக்கன் லாம்பையும் கொளுத்தி, சுற்றிவரக் கல் அடுக்கி நடுவில் வைத்தோம். இருநூறு குஞ்சுக்கு மூன்று லாம்பு எம்மாத்திரம்? கரண்ட் இருந்தாலாவது வீட்டுக்குள் பல்ப்பைப் போட்டுச் சமாளித்திருக்கலாம்.

மாமி வாசலில் வந்து நின்றார். “நான் அப்பவே சொன்னனான். ஸ்ரேசனிலை எல்லாரும் பாத்துச் சிரிச்சவையாம். கண்ணூறு பட்டுப் போச்சு.”

“அம்மா, காந்தத்துக்குக் கண்ணூறு படாது,” என்றான் மைத்துனன்.

“உனக்கு என்ன தெரியும்? பெண் பாக்கப் போய் மூண்டு வடை திண்டிட்டு வந்தவன்.”

அவர் உப்பும் மிளகாயும் எடுக்கக் குசினிக்குப் போனார். அவன் எழும்பி வேலிப் பக்கம் போய் ஒரு துண்டுக் கம்பியோடு வந்தான்.

“அத்தான், வேறை வழி இல்லை. பொத்தானை அமத்திப் போட்டு இதாலை கட்டிவிடுவம். நூராது. எரிஞ்சுகொண்டே இருக்கும்.”

“நூர்ந்தால்?”

“நூராது எண்டுறன்.”

“காத்தடிச்சு நூர்ந்தால், காஸ் ஆர் பூட்டுறது?”

அவன் கம்பியை விரலில் சுற்றினான்.

“நீர் வேலை செய்த இடத்திலை ஆரும் இப்பிடிக் கட்டினவையோ?”

“ஒருக்கால் கட்டினவங்கள்.”

“பிறகு?”

“அந்தக் கொட்டில் இப்ப இல்லை,” என்றான் மெதுவாக.

காஸ் காற்றிலும் கனம். சுடர் நூர்ந்தால் கீழே இறங்கி, உமிக்கு மேல், குஞ்சின் மூக்கு இருக்கிற உயரத்தில் தேங்கி நிற்கும். பக்கத்தில் மூன்று லாம்பு. மேலே கிடுகு. நான் மாட்டேன் என்றேன்.

மனைவி குவியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு குஞ்சு கிடந்தது. அது தலை தூக்கவில்லை.

“இது ரெண்டாவது,” என்றாள். “கட்டுங்கோ.”

“இஞ்சாரும்…”

“கட்டச் சொன்னனான். இதுவும் போனால் நான் இந்த வளவுக்குள்ளை இனி ஒண்டும் செய்யமாட்டன். நீங்கள் சங்கக் கடையிலை இருந்து வரும்வரைக்கும் விறாந்தையிலை குந்திக்கொண்டு இருக்கிறன். அது உங்களுக்குச் சரியே?”

ஆனாலும் கம்பியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டேன். அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு குஞ்சை ஓரமாக வைத்துவிட்டு எழும்பி வந்தாள்.

“சரி. கம்பி வேண்டாம். கம்பிக்குக் கண் இல்லை, எனக்கு இருக்கு. தள்ளுங்கோ.” குடைக்குப் பக்கத்தில் உரலைப் போட்டு ஏறி இருந்தாள். “தம்பி, கொளுத்து.”

அவள் பெருவிரலால் பொத்தானை அமத்தினாள். சுடர் பற்றியது. அவள் கையை எடுக்கவில்லை.

“இப்ப நான்தான் காந்தம். சுடர் நூந்தால் கையை விடுறன். டக்!” என்றாள்.

9.12. இருபது நிமிடத்தில் குடைக்கு அடியில் 88 பாகை. குஞ்சுகள் ஓரத்தை விட்டு நடுவுக்கு நகர்ந்தன. நாங்கள் மூவரும் பத்து நிமிடத்துக்கு ஒருவராகப் பெருவிரலை மாற்றினோம். ஒருவர் விரலின் மேல் மற்றவர் விரலை வைத்து, அமத்தம் தளராமல் அடியில் இருப்பவர் மெல்ல உருவி எடுக்க வேண்டும். முதல்முறை பிசகி, டக். இரண்டாம் முறை பழகிவிட்டது. பதற்றத்துக்குள்ளும் ஒரு விளையாட்டு வந்துவிட்டது. மாமிகூட மிளகாயைச் சுற்றிப் போட்டுவிட்டு வந்து, “நானும் ஒருக்கால் பிடிச்சுப் பாக்கட்டே?” என்றார். பிடித்தார். அவருடைய பெருவிரல் எங்கள் எல்லோருடையதிலும் பலமானது. அம்மி அரைத்த கை.

ஆனால் எத்தனை நாள்? குஞ்சுக்கு மூன்று கிழமைச் சூடு வேண்டும்.

என் முறை முடிந்ததும், 9.50க்கு, வீட்டுக்குப் போய் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். சாக்கில் குந்தி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வரிவரியாக வாசித்தேன். களஞ்சியத்தில் என் வழக்கம் அது: ஒரு சாமான் காணாமல் போனால், அது கடைசியாக இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் இடையில் நடந்ததை மட்டும் பார்ப்பது.

“ஞாயிறு 4.05. கொளுத்தினோம். 28 விநாடி. நின்றது,” என்று சத்தமாக வாசித்தேன்.

“அதுதான் நல்லா நிண்டதே,” என்றான் மைத்துனன். இப்போது காந்தம் அவன்.

“திங்கள் 8.20. பூசை. தேங்காய் ஒன்று. பொட்டு ஏழு.”

“ஏழோ? பொட்டையும் எண்ணி எழுதினனீங்களோ?” என்றாள் மனைவி.

“சிலிண்டரில் ஒன்று. றெகுலேற்றரில் ஒன்று. சங்கிலிக் கொழுக்கியில் ஒன்று. விளிம்பில் மூன்று. நடு…”

நிறுத்தினேன்.

“நடு?” என்றார்கள் இருவரும்.

“நடு மூக்கில் ஒன்று.”

“ஆர் வைச்சது?” என்றான் மைத்துனன். “அம்மா, நீங்களோ?”

“நான் சந்தனம் மட்டும்தான் அரைச்சனான் மோனை. கிண்ணத்தைத் தம்பியிட்டைக் குடுத்தனான்.” மாமி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான்தான். எனக்கு நன்றாக நினைவு வந்தது. குடை பாயில் மல்லாந்து கிடந்தபோது அந்த மூக்கு ஒரு பூவின் நடுவைப் போல நிமிர்ந்து நின்றது. விளிம்பில் மூன்று பொட்டையும் சம தூரத்தில் வைத்த பிறகு, நடுவில் ஒன்று இல்லாவிட்டால் குறையாகத் தெரிந்தது. நுனியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதற்கு மேல் குங்குமத்தைச் சரி நடுவில் வைத்தேன். கொஞ்சம் வழிந்து பக்கத்துக் குட்டிச் சுடரின் வாயிலும் பட்டது. அதை விரலால் ஒற்றி எடுத்ததும் நினைவிருக்கிறது. ஒற்றி எடுத்தேனா, உள்ளே தள்ளினேனா?

உமியில் மல்லாந்து படுத்து, கைவிளக்கை அடித்துக் குடைக்குள் பார்த்தேன். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பளபளத்த நுனி இப்போது கரிய மணியாக இருந்தது. சந்தனம் சுட்டுக் காய்ந்து ஓடு போலப் பிடித்திருந்தது. குட்டிச் சுடரும் நீலமாக நிமிர்ந்து நிற்காமல், மஞ்சளாகச் சரிந்து, மூக்கைத் தொட்டும் தொடாமலும் எரிந்தது. ஓட்டுக்குள் இருக்கிற மூக்குக்குச் சூடு எப்படிப் போகும்? சூடு இல்லாமல் கரண்ட் எங்கே? காந்தம் தன் வேலையைத்தான் சரியாகச் செய்திருக்கிறது. சுடர் இல்லை என்று மூக்கு சொன்னது. அது நம்பிக் கையை விட்டது.

“கண்டுபிடிச்சிட்டன்!” என்று கத்தினேன். எழும்பும்போது தலை குடையில் இடித்தது. அந்த மூன்றாவது ஆச்சரியக்குறியின் பக்கத்தில் “நெற்றியில் வீக்கம், இடது” என்றும் எழுதியிருக்கிறேன்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்கவில்லை. “ஏழு பொட்டும் அளந்து வைச்ச மனிசன்! விளிம்புக்கும் விளிம்புக்கும் நூல் பிடிச்சுப் பாத்தவர்!”

“சாமிக்கே நெத்தியிலைதான் பொட்டு,” என்றார் மாமி. “மூக்கிலை ஆர் வைக்கச் சொன்னது?”

“அம்மா, உங்கடை கண்ணூறு அத்தான்ரை கையாலைதான் பட்டிருக்கு,” என்றான் மைத்துனன்.

இனிச் சிரிக்க நேரமில்லை. துப்புரவாக்க வேண்டுமென்றால் சுடரை நூர்த்து ஆறவிட வேண்டும். அவ்வளவு நேரமும் குஞ்சுகளுக்கு மூன்று லாம்பு மட்டும்தான். 10.20க்குச் சிலிண்டரைப் பூட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டேன். இதற்கிடையில் மனைவி போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பிச் சீலையில் சுற்றி வட்டத்துக்குள் கிடத்தினாள். குஞ்சுகள் போத்தலோடு ஒட்டி நின்றன. நான் உமியில் படுத்தபடி வேலை செய்தேன். பழைய பல்லுத் தூரிகையால் மூக்கைத் தேய்த்தேன், ஓடு அசையவில்லை. சைக்கிள் ரியூப் ஒட்டும்போது உரசுகிற அரத்தாளை மைத்துனன் எடுத்துத் தந்தான். அதால் மெதுவாக, கோலுக்குக் காயம் படாமல் உரசினேன். கரித்தூள் என் கண்ணில் கொட்டியது. பிறகு லாம்புத் திரியைத் தூண்டுகிற ஊசியால் அல்ல, அது துளைக்குத் தடிப்பு, மின்வயரிலிருந்து உருவிய ஒரேயொரு செப்பு இழையால் குட்டிச் சுடரின் துளையைக் குத்தினேன். இழை முதலில் வளைந்தது. இரண்டாவது முறை உள்ளே போயிற்று. குங்குமத்தின் சிவப்புத் துகள் கொஞ்சம் என் சட்டையில் விழுந்தது.

10.47. “ஆர் அமத்துறது?” என்றான் மைத்துனன்.

“நான்,” என்றாள் மனைவி.

அவள் அமத்தினாள். அவன் குச்சியைக் காட்டினான். குட்டிச் சுடர் நீலமாக, நேராக எழுந்து மூக்கைச் சுற்றிப் பிடித்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். பத்து. பதினைந்து. இருபது. மாமி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து. இருபத்தெட்டு.

“விடும்.”

அவள் விடவில்லை.

“விடும், இருபத்தெட்டு ஆயிட்டுது.”

“பொறுங்கோ, இன்னும் கொஞ்சம்.” முப்பத்தைந்து. நாற்பது. கண்ணை மூடிக்கொண்டு விரலை எடுத்தாள்.

டக் கேட்கவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. சுடர் நின்றது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள். வெறும் விரலை உயர்த்தி, முதன்முறை காண்பது போல அதைப் பார்த்தாள். நுனியில் பொத்தானின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“காந்தம் வேலைக்கு வந்திட்டுது,” என்றான் மைத்துனன். “அக்கா, நீ இறங்கலாம்.”

பின்னேரம் இன்னொரு குஞ்சு செத்தது. காலையில் குவியலுக்கு அடியில் கிடந்தது. அதோடு சாவு நின்றது. 3.30க்கு 95 பாகை. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நான் மாமியையும் கூப்பிட்டேன். செப்பு வாலின் குமிழுக்குச் சூடு எட்டியதும், ஒருவரும் தொடாமல், பெரிய சுடர் மெல்லக் குனிந்து தணிந்தது. ஏழு நிமிடத்துக்குப் பிறகு தானே எழும்பியது. மறுபடி குனிந்தது. ஒவ்வொரு முறையையும் குறித்தேன். பதினொரு முறை குறித்த பிறகு மனைவி பென்சிலைப் பறித்தாள்.

“தெர்மோமீற்றரை விடுங்கோ. உவையைப் பாருங்கோ.”

குஞ்சுகள் குடைக்கு அடியில் குவியவுமில்லை, விளிம்புக்கு ஓடி இரைக்கவுமில்லை. வட்டம் முழுக்கப் பரவி, சில கால் நீட்டிப் படுத்து, சில தீனி கொத்தி, தங்களுக்குள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தன. புத்தகத்தில் அவள் சிவப்புக் கோடு போட்ட இன்னொரு வரி அதுதான்: குஞ்சு பரவிப் படுத்தால் சூடு சரி.

சாயந்தரம் மாமி என்னிடம் வந்தார். கையில் மிஞ்சிய சந்தனம்.

“தம்பி, உங்கடை காந்தமும் மூக்கும் சரி. ஆனால் நடுவிலை பொட்டில்லாமல் ஒரு மிசின் வேலை செய்யிறது எனக்கு மனதுக்குச் சரியா இல்லை. எங்கை வைக்கட்டும்?”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சந்தனக் கிண்ணத்தை வாழையிலையால் மூடி வைத்தார். 8.40க்குப் படுக்க முன்னம் குஞ்சுகளை எண்ணினேன். 201.

மறுநாள், 26, வியாழன். 4.40க்கு எழும்பினேன். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போனேன். மனைவி எனக்கு முதலே அங்கே உரலில் இருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. தெர்மோமீற்றர் 94. இருவருமாகத் தனித்தனியே எண்ணினோம். அவளுக்கு 201, எனக்கும் 201. பிறகு சட்டைப் பையில் கிடந்த கம்பியை எடுத்து வேலியிலேயே திரும்பக் கட்டிவிட்டு, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து, மூக்குக்கு எட்டாத தூரத்தில், குடையின் வெளிப்பக்கத்து உச்சியில், சங்கிலி தொடங்கும் இடத்தில், மாமி பொட்டு வைப்பதற்கு இடம் காட்டி ஒரு வெள்ளை வட்டம் போட்டேன்.